பிரேத அறையிலிருந்து திரும்பிய வாலிபர்



1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவில் எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த முதல் உலக யுத்தத்தில் மடிந்த இந்தியர் 70,000 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தரையில் நின்று போரிட்டவர்கள். ஆகாயத்தில் போரிட்டு மாண்ட ஒரு வாலிபரைப் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் இந்திர லால் ராய்.

1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் பாரிஸ்டர். தாயார் லலிதா அம்மையார், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்று 1911-இல் லண்டன் வீதிகளில் நடந்த பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு கலந்துகொண்டவர். பிள்ளைகள் லண்டனிலேயே வளர்ந்தார்கள். அர்ச். சின்னப்பர் பெயரால் அங்கே வழங்கும் பள்ளிக்கூடத்தில் இந்திர லால் படித்தார்.

ஆகாய விமானம் ஓட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. ஆனால் கண் பார்வை போதாது என்று முதலில் தள்ளிவிட்டார்கள். அவர் தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு பேர்பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் போய்ப் பரிசோதித்து, பார்வையில் குறையில்லை என்று சான்று வாங்கி வந்தார் என்று சொல்வார்கள். 1917 ஏப்ரலில் விமானப் படையில் சேர்ந்தார், ஜூலையில் அதிகாரியானார். அப்போது அவருக்கு வயது 18.

அந்தக் காலத்து விமானங்கள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திச் செய்தவை. ஆபத்து வேளையில் குதித்துத் தப்பிக்கப் பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாரசூட் கொடுப்பதில்லை. 1917 டிசம்பர் 6-ந் தேதி பிரான்சு தேசத்தில் இவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. நினைவற்றுக் கிடந்தவரை இறந்துவிட்டதாக எண்ணிப் பிரேதங்களோடு கிடத்திவிட்டார்கள் என்றும், நினைவு திரும்பியதும் அவர் கதவைத் தட்டிக் கூப்பிட்டார் என்றும் அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. உயிர் பிழைத்தார், ஆனால் இனிமேல் பறக்கத் தகுதியில்லை என்று வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். இரண்டாம் முறையும் கதவு அடைபட்டது.

உடம்பு தேறும்வரையில் காகிதமும் பென்சிலும் எடுத்து விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அந்தச் சித்திரங்களில் பல இன்றும் இருக்கின்றன. தம்மைத் திரும்பப் பரிசோதிக்கும்படி அதிகாரிகளை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இதற்கிடையில், 1918 ஏப்ரல் 1-ந் தேதி, கடற்படையின் விமானப் பிரிவும் தரைப்படையின் விமானப் பிரிவும் ஒன்றாக்கப்பட்டு ராயல் விமானப் படை உண்டாயிற்று. ஜூன் மாதத்தில், அதன் 40-ஆம் பிரிவில், மக்கெல்ராய் என்னும் ஐரிஷ் கேப்டனின் தலைமையில் மறுபடியும் பறக்க இந்திர லாலுக்கு அனுமதி கிடைத்தது.

ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டு வாரத்துக்குள், 10 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அவர் கணக்கில் எழுதப்பட்டது. அவற்றில் இரண்டு, தோழர்களோடு சேர்ந்து வீழ்த்தியவை. மூன்று நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி, பிரான்சில் கார்வென் என்னும் ஊருக்கு மேலே நடந்த சண்டையில் அவருடைய விமானம் சுடப்பட்டு விழுந்தது. இம்முறை அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் 20 வயது நிரம்பவில்லை. ஒன்பது நாளில் கேப்டன் மக்கெல்ராயும் மாண்டார். நவம்பர் 11-இல் யுத்தமே முடிந்துவிட்டது.

செப்டம்பரில் அவர் பெயருக்கு வீரச் சிலுவைப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. விமானப் படையினருக்குரிய அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1998-இல் அவருடைய நூற்றாண்டு நினைவாக நம் அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது. எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பத்து விமானம் வீழ்த்தினார் என்று புத்தகங்கள் புகழ்கின்றன. ஆனால் அந்த விமானங்களில் இருந்தவர்களும் ஏதோ ஒரு தாயின் பிள்ளைகள்தாம். ஆகையால் அந்த எண்ணிக்கையைச் சொல்லி அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. உதவாது என்று இரண்டு முறை தள்ளப்பட்டும், யாரையும் நோகாமல், சோர்ந்து உட்காராமல், மறுபடியும் போய்க் கதவைத் தட்டினாரே, அதுதான் நம் நெஞ்சில் நிற்க வேண்டியது.

நம் அய்யலூரிலும் பரீட்சையில் தவறிய பிள்ளைகள் உண்டு. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கையில் உயரம் போதாது, பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பிள்ளைகளே, ஒரு காகிதத்தில் எழுதிய தீர்ப்போடு உங்கள் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. அந்தக் கதவு திறக்காவிட்டாலும் வேறு கதவு உண்டு. பெற்றோரே, பிள்ளை தலைகுனிந்து வீடு திரும்பும் நாளில் கடிந்து பேசாதீர்கள். முதலில் சோறு போடுங்கள், புத்தி பிறகு சொல்லலாம்.

யுத்தங்களில் மடிந்த எல்லா நாட்டு வாலிபர்களுக்காகவும், அவர்களை இழந்த தாய்மாருக்காகவும் இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு