தாகம் தீராத பயணி

தாகம் என்ற சொல்லின் பொருளைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பிய வரலாறு எங்கள் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. அதற்கு ஓராண்டு முன், 1894-இல், வேறொரு தாகத்தைப் பாடும் பெருங்காவியம் ஒன்று தமிழில் வெளிவந்தது. 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற அந்நூலை இயற்றியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை.

கிறிஸ்தவக் கம்பர் என்று போற்றப்படும் அவர் 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பு என்ற சிற்றூரில், வைணவப் பற்று மிக்க வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணத்தில் தோய்ந்தவர் அவருடைய தந்தை. இறைவனை எண்ணி உருகுவதும், அவன் தோன்றாவிடில் ஏங்குவதும் தமிழ்ப் பாட்டின் இயல்பு என்பதை எழுத்தறியும் பருவத்திலேயே அவர் செவிவழி கற்றிருக்க வேண்டும்.

1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். கிறிஸ்தவம் அவரை ஈர்த்தது அதன்பிறகுதான். அது ஒரே நாளில் நேர்ந்த மாற்றம் அன்று. பல ஆண்டுகள் உள்ளத்தில் நடந்த போராட்டத்தின் முடிவில், 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயரையும் ஏற்றார். அக்காலத்தில் சமயம் மாறுவது மனத்தளவில் முடிந்துவிடும் செயல் அன்று. சாதியையும் உறவையும், பிறந்து வளர்ந்த வீட்டு முற்றத்தையும் பணயம் வைக்கும் செயல் அது.

என்னை மிகவும் சிந்திக்க வைப்பது, அதன் பிறகான அவருடைய வாழ்வு. திருமுழுக்கோடு தேடல் முடிந்துவிட்டது என்று அவர் கருதியிருந்தால் நல்ல தமிழாசிரியராக மட்டும் வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் தேடல் ஓயவில்லை. அப்போதுதான் காவியத்தைத் தொடங்கினார். 'நற்போதகம்' என்ற மாத இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களாக அது வளர்ந்தது. நூல் வடிவம் பெற்றபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட, தமிழர்கள் 'மோட்சப் பிரயாணம்' என்று அறிந்த உரைநடை நூலே இதற்கு மூலம். அழிவின் நகரத்தை விட்டுப் பரமநகரம் நோக்கிச் செல்லும் ஒருவனின் கதை அது. கிருஷ்ணபிள்ளை அதை வெறுமனே பெயர்த்துத் தரவில்லை. ஐந்து பருவங்களாக வகுத்தார். பனியனில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துப் பாடினார். எல்லாவற்றுக்கும் மேலாக, இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை அமைத்தார்.

அந்தத் தேவாரங்கள்தாம் காவியத்தின் இதயம் என்பது என் கருத்து. கதையில் பயணி நடக்கிறான், வீழ்கிறான், எழுகிறான். தேவாரத்தில் கவிஞரே பேசுகிறார். செல்வமோ நோய் நீக்கமோ அவருடைய முதன்மையான வேண்டுதல்கள் அல்ல, இறைவனையே கேட்கிறார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் பழக்கிய அந்த ஏக்கத்தின் மொழியைப் புதிய நம்பிக்கைக்கு அயலானதாக அவர் ஒதுக்கவில்லை. தெய்வத்தை எவ்வாறு தேடுவது என்பதைத் தமிழ் ஏற்கெனவே தமக்குக் கற்பித்திருந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற எங்கள் பகுதி ஊர்களில், தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்வோரும், திராட்சைக் கொடியின் கீழ் நாளெல்லாம் குனிந்து நிற்போரும் அவர்களில் உண்டு. விலை கிடைக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும், பிள்ளைக்கு வேலை அமைய வேண்டும் என்று அவர்கள் மன்றாடுவதில் குறை காண எவருக்கும் உரிமை இல்லை. உழைப்பவனின் ஜெபம் அப்படித்தான் இருக்கும்.

ஆயினும், கேட்டது கிடைத்தால் கடவுள் அருகில் இருக்கிறார், கிடைக்காவிட்டால் விலகிவிட்டார் என்று எண்ணும் வழக்கம் இன்று பெருகிவருவதைக் காண்கிறேன். ஒலிபெருக்கியின் முழக்கத்தில் அவரை உணர்ந்ததாக நினைப்பவர்கள், வீட்டின் அமைதியில் எதையும் உணராமல் கலங்குகிறார்கள். ஜெபித்தும் உள்ளம் வறண்டிருக்கிறதே என்று வெளியே சொல்லத் தயங்கும் இளைஞர்கள், தங்களிடம்தான் விசுவாசக் குறைவு இருக்கிறது என்று முடிவுகட்டி மெல்ல விலகிவிடுகிறார்கள்.

அவர்களுக்குக் கிருஷ்ணபிள்ளையின் வாழ்வு ஆறுதல் தரும். விசுவாசத்துக்குள் வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அவர் ஏங்கினார். அந்த ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை. அதைக் கண்டு வெட்கப்படவும் இல்லை. அதையே பாட்டாக்கினார். தாகம் இருப்பது வழி தவறியதற்கு அடையாளம் அன்று, நடந்துகொண்டிருப்பதற்கு அடையாளம். நீர் என்று ஒன்று இருப்பதை அறியாதவனுக்கு அதைத் தேடத் தோன்றாது.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார். பாடத்திட்டத்தில் சில செய்யுள்களாக, தேர்வுக்குரிய ஆசிரியர் குறிப்பாக மட்டுமே இன்று பலர் அவரை அறிகிறார்கள். அவருடைய தேவாரங்களை மதிப்பெண்ணுக்காக அன்றி, வறண்ட மாலைப் பொழுதொன்றில் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கிறிஸ்தவர் மட்டுமல்ல, எந்த வழியில் நின்று இறைவனைத் தேடுபவரும் தம் குரலை அதில் கேட்கக்கூடும்.