பட்டி ஹாலி

வாயில் அடைக்கப்பட்டவிடத்துச் சோர்ந்து நில்லாது வேறு வழி கண்டவர் சிலரே. அமெரிக்க நாட்டுப் பாடகர் பட்டி ஹாலி அத்தகையோருள் ஒருவர்.

இவர் 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், டெக்ஸாஸ் மாகாணத்து லப்பக் நகரில், நான்கு மக்களுள் இளையவராய்ப் பிறந்தார். இளமையிலேயே கிதார் பயின்று, வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பின மக்களின் தாளப் பாட்டும் கலந்தெழுந்த ராக்கபிலி என்னும் புதிய இசையில் உள்ளம் பறிகொடுத்தார்.

1956இல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியார் இவரை நாஷ்வில் நகரிற் பாடச் செய்தனர். தட்டுக்கள் விலைபோகவில்லை, ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. அன்றியும், அங்குப் பதிவு செய்த பாட்டுக்களை ஐந்தாண்டுகள் வரை பிறரிடத்துப் பாடலாகாதென்ற தடையும் இருந்தது. ஹாலியோ, 1957 பிப்ரவரியில் தம் தோழருடன் நியூமெக்ஸிகோ மாகாணத்துக் குளோவிஸ் என்னுஞ் சிற்றூர் சென்று, புறக்கணிக்கப்பட்ட பாட்டொன்றை மீண்டும் பாடிப் பதிவு செய்தார். தம் பெயரை மறைத்துச் சுவர்க்கோழிகள் என்று பொருள்படும் 'கிரிக்கெட்ஸ்' என்னுங் குழுப் பெயரால் அதனை வெளியிட்டார். வெளியிட்டதோ டெக்காவின் கிளைக் கம்பெனியே! அவ்வாண்டு செப்டம்பரில் அது விற்பனையில் முதலிடம் பெற்றது.

புகழ் நீடித்ததெனினும் வாழ்நாள் நீடித்திலது. 1959ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், பழுதுற்ற பேருந்துகளில் ஊர்தோறுஞ் சென்று பாடி வருந்திய ஹாலி, அயோவா மாகாணத்திற் சிறு விமானமொன்றை அமர்த்தினார். பிப்ரவரி 3ஆம் நாள் அது வீழ்ந்து நொறுங்க, உடன்சென்ற பாடகர் இருவரோடும் விமானியோடும் உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது 22.

லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் சிலர் 1958இல் முதன்முதற் பதிவு செய்த பாட்டுக்களுள் ஒன்று, நாஷ்வில்லிற் பயனற்றுக் கிடந்த அப்பாட்டே. அவ்விளைஞரே பின்னர் உலகம் போற்றிய பீட்டில்ஸ் குழுவாயினர்.