லாங்கர்ஹான்ஸ் கண்ட தீவுகள்

நீரிழிவு நோயைப் பற்றிப் பேசுவோர் இன்ஸுலினைக் கண்டுபிடித்த கனடா தேசத்து விஞ்ஞானிகளைப் புகழ்வது வழக்கம். அது நியாயமே. ஆயினும் அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வழி திறந்து வைத்த பால் லாங்கர்ஹான்ஸின் சரித்திரத்தை நம் இளைஞர்கள் அவசியம் அறிதல் வேண்டும்.

இவர் 1847-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி பெர்லின் நகரில் ஒரு வைத்தியரின் குமாரராகப் பிறந்தார். 1869-ல், தமது 21-வது வயதில், டாக்டர் பட்டத்திற்காகக் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். மற்றவற்றினின்றும் வேறுபட்ட சிறு உயிரணுக் கூட்டங்கள் அதில் ஆங்காங்கே இருக்கக் கண்டார். அவற்றின் தொழில் யாதென்பது தமக்குத் தெரியாதென்று ஒளிக்காமல் எழுதினார். யூகத்தை உண்மையென்று சாதிக்காத அந்த நேர்மையையே நாம் முதற்கண் போற்றுகிறோம்.

பின்னர் பிரைபர்க் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1874-ல் க்ஷயரோகம் அவரைப் பற்றிற்று. பதவியைத் துறந்து போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவை அடைந்தார். அங்கும் சும்மாயிருக்கவில்லை, நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார், கடற்புழுக்களை ஆராய்ந்தார். 1888-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி, 41 வயது நிறைவதற்கு ஐந்து நாட்கள் இருக்கையில், சிறுநீரக நோயால் காலமானார்.

மறுவருஷமே மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இருவர், கணையத்தை அகற்றிய நாய்க்கு நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். 1893-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லாகெஸ், அவ்வுயிரணுக் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரிட்டார். அத்தீவுகள் சுரக்கும் இன்ஸுலின் 1922-ல் டொரான்டோவில் ஒரு சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது.

இன்ஸுலின் உயிரைக் காக்கிறது, நோயைத் தீர்ப்பதில்லை. ஒருவகை நீரிழிவில் உடலின் காவற்படையே தீவு உயிரணுக்களைப் பகையென்றெண்ணி அழித்துவிடுகிறது. பிறரிடமிருந்து எடுத்துப் பொருத்தினாலும் அதே கதிதான். அவற்றைக் காக்க, காவற்படையையே அடக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். ஆதலின் விஞ்ஞானிகள் அவ்வுயிரணுக்களின் ஜீன்களையே மாற்ற முனைந்தனர். அந்நியமென்று காட்டிக்கொடுக்கும் ஜீன்களை முடக்கி, தாக்காதே என்று அறிவிக்கும் ஜீனின் வேலையை மிகுவித்தனர். இவ்வாறு மாற்றிய தீவு உயிரணுக்கள், ஸ்வீடனில் ஒரு நோயாளியின் முன்கைத் தசையில், அடக்கும் மருந்தின்றியே 12 வாரம் பிழைத்து இன்ஸுலின் சுரந்தன என்ற செய்தி 2025-ல் வெளியாயிற்று. செலுத்திய அளவு சொற்பமாதலின் அவருக்கு ஊசி தேவைப்படாமற் போகவில்லை. எனினும் வழி புலப்பட்டுவிட்டது.

இதனால் என்ன பயன் என்று 1869-ல் ஒருவர் கேட்டிருந்தால் லாங்கர்ஹான்ஸால் பதில் கூறியிருக்க முடியாது. உடனடிப் பயனைக் காட்டினாலன்றி ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்போர் இதைச் சிந்திப்பார்களாக.