உப்பில் ஒளிந்திருந்த உலோகத்தைப் பிடித்தவர்

சோற்றில் போடும் உப்பில் இரண்டு பொருள்கள் கலந்து இருக்கின்றன. ஒன்று சோடியம். இது ஓர் உலோகம். தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும். மற்றொன்று குளோரின் என்ற விஷ வாயு. தனித்தனியே வாயில் வைக்க முடியாத இரண்டும் கூடினால், சாப்பிடும் உப்பு!

சோடியத்தை முதன் முதலில் தனியே பிரித்துக் காட்டியவர், ஹம்ப்ரி டேவி.

மருந்து கலக்கிய சிறுவன்

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் உள்ள பென்சான்ஸ் என்ற ஊரில், 1778-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி டேவி பிறந்தார். தந்தை மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர். 1794-ல் அவர் இறந்தபோது, குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். 5 பிள்ளைகளில் மூத்தவர் டேவி. உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். மருந்து கலக்கும் இடத்தில் ரசாயனப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஆனாலும் 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை வேலைக்கு அழைத்தது. அவருடைய பேச்சைக் கேட்க, நாடகத்துக்குப் போவதுபோல் கூட்டம் வந்தது.

மின்சாரம் செய்த வேலை

அதற்கு முந்தைய ஆண்டுதான் இத்தாலியைச் சேர்ந்த வோல்ட்டா பாட்டரியைக் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். அதன் மின்சாரம் தண்ணீரையே இரண்டு வாயுக்களாகப் பிரித்தது. அப்படியானால் மற்றப் பொருள்களையும் பிரிக்கலாமே என்று டேவி நினைத்தார். சோடா காரத்தையும் பொட்டாஷையும் அதுவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. நெருப்பில் காய்ச்சியும் பயன் இல்லை.

பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர்தான் பிரிந்தது, பொட்டாஷ் அசையவில்லை. உலர்ந்த கட்டியில் பாய்ச்சினார். மின்சாரமே ஓடவில்லை. கடைசியில் லேசாக ஈரம் பட்ட கட்டியை பிளாட்டினத் தகட்டில் வைத்துப் பாய்ச்சினார். கட்டி உருகியது. பாதரசம் போன்ற சிறு உருண்டைகள் தோன்றின. சில வெடித்து எரிந்தன. அதுதான் பொட்டாசியம். அன்று 1807-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி. 28 வயது டேவி, அறையில் துள்ளிக் குதித்து ஆடினாராம்!

சில நாட்களில் காஸ்டிக் சோடாவில் இருந்து சோடியமும் கிடைத்தது. மறு மாதமே கடும் நோயில் படுத்தார். பிழைத்ததே பெரிது. எழுந்ததும் 1808-ல் கால்சியம், மக்னீசியம் முதலியவற்றையும் பிரித்தார். குளோரின் ஒரு தனிமம் என்று 1810-ல் நிலைநாட்டியவரும் அவரே.

உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால், சோடியம் உலோகமாக வராது. காஸ்டிக் சோடாதான் கிடைக்கும். சோப்புக்கும் காகிதத்துக்கும் அது தேவை என்பதால் தொழிற்சாலைகளில் அப்படியே செய்கிறார்கள். சோடியமே வேண்டுமென்றால் உப்பை உருக்க வேண்டும். உப்பு உருக சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். வேறு உப்புகளைக் கலந்து அதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பகைவர் தந்த பரிசு

இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் பிரான்சு நாட்டு அறிஞர் சபை டேவிக்கு 3 ஆயிரம் பிராங்க் பரிசு அறிவித்தது. 1813-ல் எதிரி நாட்டுக்கே போனார். உடன் சென்ற உதவியாளர், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலில் இருந்து வந்த மைக்கேல் பாரடே.

1815-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக, கம்பி வலை சுற்றிய பாதுகாப்பு விளக்கைச் செய்தார். காப்புரிமை வாங்கிப் பணம் பார்க்கவில்லை. இவ்வளவு பெருந்தன்மை உள்ளவர், 1824-ல் பாரடேயை ராயல் சொசைட்டியில் சேர்க்க எதிர்ப்புத் தெரிவித்தார். வளர்த்தவருக்கே பொறாமை! ஆனாலும் பாரடே உறுப்பினர் ஆகிவிட்டார்.

பக்கவாதத்தால் தளர்ந்த டேவி, 1829-ம் ஆண்டு மே 29-ந் தேதி சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் காலமானார். வயது 50. உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.