ஓர் அணுவில் ஒரு செடி

முருங்கைக் கிளையொன்றை வெட்டி ஈரமண்ணில் நட்டால், சின்னாளில் அது துளிர்விடுகிறது. கிளைக்கு இவ்வாற்றல் உண்டென்பதை உழவர் அனைவரும் அறிவர். கிளையை விடுத்து, இலையொன்றினின்று கண்ணுக்குப் புலனாகாத ஒரே ஓர் உயிரணுவைப் பிரித்தெடுத்தால், அதுவும் முழுச் செடியாக வளருமோ? இவ்வினாவிற்கு விடை காண முயன்று, தோல்வியுற்று, அத்தோல்வியை மறையாது உலகுக்கு எடுத்துரைத்தவர் காட்லீப் ஹாபர்லாண்ட் என்னும் தாவரநூற் பேரறிஞர்.

ஹாபர்லாண்ட் 1854ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள், ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த அங்கேரி நாட்டில் பிறந்தார். தந்தையார் பிரீடிரிக் ஹாபர்லாண்ட் வேளாண்மைப் பேராசிரியர். கீழ்நாட்டுப் பயிராகிய சோயா மொச்சையை ஐரோப்பிய மண்ணில் பயிரிட்டுக் காட்டியவர். பயிர்களைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்த மைந்தர், வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1876இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கிராட்சு நகரில் ஆசிரியரானார்.

அக்காலத்துத் தாவர நூலார் பலர் செடியை அறுத்து, உட்பகுதிகளைக் கண்டு, பெயரிட்டு அமைந்தனர். ஹாபர்லாண்டுக்கோ அஃது போதவில்லை. இவ்வுறுப்பு இவ்வாறு அமைந்திருப்பது எத்தொழிலைச் செய்வதற்கு என்று அவர் வினவினார். அவ்வினாவின் பயனே 1884இல் அவர் வெளியிட்ட பெருநூல். சில புல்லினங்களின் இலைகளில், நரம்பைச் சுற்றி உயிரணுக்கள் மாலைபோற் சூழ்ந்திருப்பதை அவர் அந்நூலில் விளக்கி, மாலை என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லாலேயே அதனைக் குறித்தார். கரும்பும் சோளமும் கடுவெயிலிலும் செழித்து வளர்வதற்கு இவ்வமைப்பு துணைபுரிகிறது என்பது, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. 1891இல் அவர் கடல் கடந்து சாவகத் தீவுக்குச் சென்று, அங்குள்ள புகழ்பெற்ற தாவரத் தோட்டத்தில் தங்கி, வெப்பநாட்டுச் செடிகளையும் ஆராய்ந்தார்.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய சோதனைக்கு வருவோம். செடியின் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவையாவும் ஒரே கருவணுவின் வழித்தோன்றல்கள். எனவே, முழுச் செடியை ஆக்கும் திறன் ஒவ்வோர் அணுவிலும் உறங்கிக் கிடத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். லாமியம் என்னும் சிறு செடியின் இலையணுக்களையும், நம் நாட்டுக் குளங்களை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு அணுக்களையும், வேறு சிலவற்றையும் பிரித்தெடுத்தார். உப்புச் சத்துகளும் சர்க்கரையும் கலந்த நீரில் அவற்றை இட்டு, நுண்பெருக்கியின் வாயிலாகக் கண்காணித்தார்.

அணுக்கள் மடியவில்லை. தாய்ச்செடியைப் பிரிந்தும் பல நாள் பசுமை மாறாதிருந்தன, பருத்தன, ஒளியின் துணையால் தம்முள் மாவுப்பொருளையும் சேர்த்தன. ஆயின் ஒன்றேனும் இரண்டாகப் பிரியவில்லை! பிரிவின்றிப் பெருக்கம் ஏது? பெருக்கமின்றிச் செடி ஏது?

தோற்ற சோதனையைப் பெட்டியுள் பூட்டி வைப்பதே பலர்க்கும் இயல்பு. புகழ் வாய்ந்த பேராசிரியர்க்கு அஃது இன்னும் எளிது. ஹாபர்லாண்ட் அவ்வாறு செய்தாரல்லர். 1902இல் அனைத்தையும் எழுதி வெளியிட்டார். உயிரணுவினின்று கருவையே செயற்கையாக உண்டாக்கும் காலம் வரும் என்று முன்னுணர்ந்து கூறினார். கருப்பையினுள் இளங்கருவை ஊட்டி வளர்க்கும் நீரைச் சேர்த்துப் பார்க்கலாம் என்ற குறிப்பையும் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார்.

அவர் எங்கே தவறினார்? வளர்ச்சி முற்றிய அணுக்களை அவர் தேர்ந்துகொண்டது ஒரு தவறு. மற்றது அவர் தவறன்று. செடியின் வளர்ச்சியைத் தூண்டும் இயக்குநீர்கள் அன்று எவர்க்கும் தெரியா. எனினும் அவற்றின் சாயலை அவரே பின்னர்க் கண்டார். உருளைக்கிழங்கைச் சீவி ஆராய்ந்தபோது, உணவு செல்லும் குழல்களின் சிறு பகுதியேனும் ஒட்டியிருந்த துண்டுகளிலேயே அணுக்கள் பிரிவதை 1913இல் கண்டு, அக்குழல்களினின்று ஏதோ ஒரு பொருள் ஊறுகின்றது என்று முடிவு செய்தார். அப்போது அவர் பெர்லினில் பேராசிரியராக இருந்தார்.

1922இல் அவர்தம் மாணாக்கர் கோட்டே, வேர் நுனிகளைத் தனியே வளர்த்துக் காட்டினார். 1939இல் பிரான்சில் கோத்தெரே, நோபெக்கூர் என்போரும், அமெரிக்காவில் ஒயிட் என்பாரும், செடியின் திசுவை முடிவின்றி வளர்க்கும் வழியைக் கண்டனர். அப்போது ஹாபர்லாண்டுக்கு வயது எண்பத்து நான்கு. ஆறாண்டுகளுக்குப் பின், போரால் சிதைந்து கொண்டிருந்த பெர்லின் நகரில், 1945ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச் சென்ற குறிப்பு வீண்போகவில்லை. தேங்காயின் உள்ளே உள்ள இனிய நீர் வேறன்று. தென்னையின் இளங்கருவுக்கென அமைந்த உணவே அது. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் அந்நீரைச் சேர்த்தே ஊமத்தையின் மிக இளைய கருக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தனர். 1958இல் ஸ்டூவர்ட் என்பார் காரட்டுக் கிழங்கின் அணுக்களிலிருந்து செடிகளைத் தோற்றுவித்தபோதும் தேங்காய் நீரே துணையாயிற்று. 1965இல், அமெரிக்காவில் பணியாற்றிய விம்லா வாசில் என்னும் இந்தியப் பெண்மணி, ஹில்டபிராண்ட் என்பாருடன் கூடி, தனித்துப் பிரித்த ஒரே அணுவினின்று புகையிலைச் செடியை வளர்த்தார். 1902இன் வினாவிற்கு ஐயமற விடை கிடைத்தது.

மருத்துவரும் இம்முறையை எடுத்தாண்டனர். ஜப்பானியர் புண்ணாற்றவும் சாயமிடவும் பயன்படுத்திய ஷிக்கோனின் என்னும் செம்பொருளைப் பெற, ஒரு செடியின் வேர் முற்றும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1983முதல் அச்செடியின் அணுக்களையே பெருங்கலங்களில் வளர்த்து அப்பொருளை எடுக்கலாயினர். அமெரிக்காவின் மேலைக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையில், புற்றுநோய்க்கு மருந்தாகும் டாக்சால் உள்ளது. அம்மரமோ மிக மெல்ல வளர்வது. பட்டையை முற்றும் உரித்தால் பட்டுப்போவது. நோயாளியைக் காப்பதா, காட்டைக் காப்பதா என்ற இக்கட்டு எழுந்தது. இன்று யூ இனத்தின் அணுக்களைக் கலத்தில் வளர்த்தே அம்மருந்தைப் பெறுகின்றனர். அருகிவரும் செடிகளின் முளைநுனிகளையும், சுழியத்திற்குக் கீழ் 196 பாகை குளிர்ந்த நைட்ரசன் நீர்மத்தில் உறங்கவைத்துக் காக்கின்றனர். வேண்டும்போது வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் இட்டு எழுப்பினால், அவை மீண்டும் தளிர்க்கின்றன.