கடல் வீரர் மிகேல் கிராவ்

ஒரு தேசத்தின் பாதுகாப்பு முழுவதும் ஒரே கப்பலைப் பற்றி நின்ற விசித்திரத்தை, தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் 1879-ம் வருஷத்துச் சரித்திரத்தில் காணலாம். கப்பலின் பெயர் ஹுவாஸ்கார். அதன் தலைவர் மிகேல் கிராவ்.

1834-ல் பிறந்த கிராவ், சிறு பையனாகவே கப்பலேறியவர். வர்த்தகக் கப்பல்களில் தொழில் கற்றுக் கடற்படையில் உயர்ந்தார். 1876-ல் பைட்டாவின் பிரதிநிதியாகச் சட்டசபையிலும் அமர்ந்தார்.

வெடியுப்பு நிறைந்த பாலைநிலத்தைப் பற்றிய தகராறில், பொலிவியாவின் நேச நாடான பெருவின்மீது 1879 ஏப்ரலில் சிலி யுத்தப் பிரகடனம் செய்தது. சிலியிடம் இங்கிலாந்தில் கட்டப்பட்ட புதிய இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டிருந்தன. அவற்றின் கவசம் ஒன்பது அங்குல கனம். ஹுவாஸ்காரின் கவசமோ நாலரை அங்குலமே. அதன் இரு பெரிய பீரங்கிகளும் ஒரே கோபுரத்தில் இருந்தன. அக்கோபுரத்தை மாலுமிகள் கையாலேயே சுழற்ற வேண்டும். முழுச் சுற்றுக்குக் கால் மணி பிடிக்கும். சிலியின் கப்பல்கள் வந்து வருஷங்கள் சென்றும் பெருவின் ஆட்சியாளர் அவற்றுக்கு இணையாக ஒன்றும் வாங்கவில்லை. யுத்தம் மூண்டபின் ஐரோப்பாவில் கப்பல் தேடியது, வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டப் புறப்பட்ட கதைதான்.

மே 21-ல் இக்கிகே துறைமுகத்தில் ஹுவாஸ்கார், சிலியின் எஸ்மரால்டா என்ற பழைய மரக்கப்பலை மும்முறை முட்டி மூழ்கடித்தது. முதல் முட்டலிலேயே அதன் தலைவர் அர்துரோ பிராட், கையில் வாளுடன் ஹுவாஸ்காரின் தளத்தில் குதித்து மாண்டார். நீரில் தத்தளித்த பகைவரைக் கிராவ் படகனுப்பிக் காப்பாற்றினார். பிராட்டின் வாளையும் ஏனைய பொருள்களையும் பத்திரப்படுத்தி, அவருடைய வீரத்தைப் போற்றிய கடிதத்துடன் விதவைக்கு அனுப்பி வைத்தார். யுத்தகளத்திலிருந்து அப்படியொரு கடிதம் எழுதியவர் எத்தனை பேர்? அம்மாதரசியும் நன்றியுடன் பதில் எழுதினார்.

அதே தினம் பெருவின் மற்றொரு பெரிய கவசக் கப்பலான இண்டிபெண்டென்சியா பாறையில் மோதி அழிந்தது. அதுமுதல் நாலரை மாதம் கிராவ் தனியொரு கப்பலைக் கொண்டு சிலியின் கரையைக் கலக்கினார். ஜூலையில் ஒரு குதிரைப்படையையே ஏற்றிச்சென்ற ரீமாக் என்ற கப்பலைச் சிறைபிடித்தார். அவர் கடலில் உலவிய வரையில் சிலி பெருவின் கரையில் பெரும்படையை இறக்கத் துணியவில்லை. ஆகஸ்டில் ரியர் அட்மிரல் பதவி வந்தபோதும் அவர் கப்பலை விட்டு இறங்கவில்லை.

அக்டோபர் 8-ல் அங்கமோஸ் முனையருகே இரு கவசக் கப்பல்களும் அவரை வளைத்தன. சற்று நேரத்தில் ஒரு குண்டு, அவர் நின்ற கவசக் கூண்டில் வெடித்தது. உடலில் சிறு பகுதியே மிஞ்சிற்று. அடுத்துத் தலைமையேற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். கடைசியாகப் பொறுப்பேற்ற கரேசோன், கப்பலை மூழ்கடிக்க அடிவால்வுகளைத் திறக்க உத்தரவிட்டார். அது மூழ்குமுன் சிலி வீரர் ஏறிப் பிடித்துவிட்டனர். நவம்பரில் சிலியின் படை பிசாகுவாவில் இறங்கிற்று. 1881 ஜனவரியில் லிமா நகரம் வீழ்ந்தது.

கிராவின் எலும்புகள் 1890-ல் தாயகம் திரும்பின. ஹுவாஸ்கார் மட்டும் சிலியின் தால்கவானோ துறைமுகத்தில் காட்சிக் கப்பலாக மிதக்கிறது. பிராட்டும் கிராவும் உயிர்விட்டது அந்த ஒரே கப்பலில்தான். சிலி நாட்டார் இருவரின் நினைவையும் அதில் போற்றி வருகின்றனர்.