குப்ளாய்கானும் தாயாதிப் போரும்

வாள் வலியால் நாடு சேர்த்தல் அரிது. சேர்த்த நாடு தாயாதிச் சண்டையால் சிதையாது காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாய் விளங்குவது மங்கோலியச் சக்கரவர்த்தியாகிய குப்ளாய்கானின் வாழ்க்கை. சீன தேசம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட இம்மன்னர், தம் பாட்டனார் செங்கிஸ்கான் தேடிவைத்த பேரரசு தம் கண்ணெதிரே நான்காய்ப் பிளவுபடுவதையும் கண்டார்.

குப்ளாய் 1215-ஆம் ஆண்டிற் பிறந்தார். செங்கிஸ்கானின் பட்டத்தரசிக்குப் பிறந்த கடைசிக் குமாரராகிய துலூயி இவர் தந்தை. தாயார் சொர்க்கக்தனி பேகி நெஸ்தோரியக் கிறிஸ்தவ மதத்தைச் சார்ந்தவர், கூர்த்த மதியினர். கணவரை இழந்த பின்னர் மாங்கே, குப்ளாய், ஹுலாகு, அரிக்போகே என்னும் தம் புதல்வர் நால்வரையும் அரசியல் நடத்த வல்லவராய் வளர்த்தார். 1251-இல் மூத்தவராகிய மாங்கே பெருங்கான் ஆனார். அதுகாறும் முதன்மை பெற்றிருந்த ஒகதாயின் வமிசத்தார் பலர் அப்பொழுது கொலையுண்டனர். தப்பியவர் நெஞ்சில் தங்கிய வன்மம் பிற்காலத்தில் பெருந்தீயாய் மூண்டது.

தமையனார் ஆணையால் குப்ளாய் வட சீனத்தை மேற்பார்த்தார். அந்நாட்டு அறிஞரைத் துணைக்கொண்டு உழவும் குடிகளும் தழைக்கச் செய்தார். 1259-இல் மாங்கே சீனப் போர்முனையிலேயே மாண்டார். யாங்ஸி நதிக்கரையிற் போர் புரிந்துகொண்டிருந்த குப்ளாய்க்கு, இளவல் அரிக்போகே படை திரட்டுகிறார் என்ற செய்தியை மனைவியார் சாபி அனுப்பினார். உடனே போரை நிறுத்தி வடக்கே திரும்பினார்.

பெருங்கானைத் தேர்ந்தெடுக்கத் தாயாதியர் அனைவரும் தாயகத்திற் கூடும் குரில்தாய் என்னும் பேரவை கூட வேண்டும் என்பது மங்கோலியர் மரபு. 1260-இல் குப்ளாயோ சீன எல்லையிலுள்ள கைபிங் நகரில், தமக்கு வேண்டியவரை மட்டும் கூட்டிப் பட்டம் சூடினார். சிறிது காலத்தில் அரிக்போகேயும் தாயகத்திற் பெருங்கானாக முடிசூடினார். ஒரு தாய் வயிற்றுச் சகோதரர் இருவர் ஒரே அரியணைக்கு உரிமை கோரிப் போர் தொடுத்தனர்.

இப்போரில் வாளினும் வலிய படைக்கலமாய் அமைந்தது தானியம். கரக்கோரம் நகர் சீனத்திலிருந்து வண்டிகளில் வரும் உணவையே நம்பியிருந்தது. குப்ளாய் அதனைத் தடுத்துவிட்டார். மத்திய ஆசியாவில் உணவும் கருவிகளும் சேகரிக்க அரிக்போகே அனுப்பிய அல்கு என்பவரும் அவரைக் கைவிட்டார். பஞ்சத்தால் வாடிய வீரர் கலைந்தோட, 1264-இல் அரிக்போகே சரணடைந்தார். அப்பொழுது குப்ளாய் கண்ணீர் உகுத்து, நியாயம் யார் பக்கம் என்று வினவினாராம். அன்று தம் பக்கம், இன்று அண்ணன் பக்கம் என்று இளவல் விடை கூறினாராம். இங்ஙனம் பாரசீகச் சரித்திராசிரியர் ரஷீத் உத்தீன் எழுதியுள்ளார். தம்பியின் ஆலோசகர் பலர் கொலைத் தண்டனை பெற்றனர். தம்பியும் 1266-இல் மறைந்தார்.

இதற்கிடையே மேற்கேயும் தாயாதிப் போர் மூண்டது. பாரசீகத்தை ஆண்ட ஹுலாகு குப்ளாயை ஆதரித்தார். வால்கா நதி நாட்டை ஆண்ட பெர்கே அரிக்போகேயை ஆதரித்தார். பெர்கே இஸ்லாமியர்; 1258-இல் ஹுலாகு பக்தாத் நகரை அழித்ததும் அவர் சினத்தை வளர்த்தது. 1262-இல் இருவரும் காக்கஸஸ் மலைப்புறத்தில் பொருதனர். செங்கிஸ்கானின் பேரர் ஒருவர் படையை மற்றொருவர் படை வெட்டி வீழ்த்தியது.

பின்னர் ஒகதாயின் பேரர் கைடு கிளம்பினார். 1269-இல் தலஸ் நதிக்கரையிற் கூடிய இளவரசர் மத்திய ஆசியாவைக் குப்ளாயைக் கேளாமலே பங்கிட்டுக்கொண்டனர். அவரை அடக்க அனுப்பிய மகன் நோமுகானை, உடன்சென்ற இளவரசரே 1276-இற் சிறைப்பிடித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். அதே ஆண்டில் தென் சீனத்துச் சுங் மன்னரின் தலைநகர் குப்ளாய்க்குப் பணிந்தது! அந்நியர் கோட்டை வீழ்ந்தபோது சொந்தக் குடி கைமீறியது.

1287-இல் நயான் என்னும் உறவினர் மஞ்சூரியாவிற் கலகம் செய்தார். எழுபது வயது கடந்த சக்கரவர்த்தி, யானைகள் சுமந்த மரக்கோபுரத்திலிருந்து தாமே படை நடத்தி வென்றார் என்பர். நயான் கிறிஸ்தவர், அவர் கொடியிற் சிலுவை இருந்தது. அதுபற்றிச் சிலர் கிறிஸ்தவரை ஏளனம் செய்தபொழுது குப்ளாய் தடுத்து, நியாயமற்ற கலகத்திற்குச் சிலுவை துணைசெய்யாதது தகுதியே என்று தேற்றினார் என்று மார்க்கோபோலோ கூறுகிறார். அவர் ஆட்சியில் சமயங்கள் பல வாழ்ந்தன. சுவான்சௌ துறைமுகத்திற் கிடைத்துள்ள 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே சிவாலயம் இருந்ததை இன்றும் அறிவிக்கிறது.

1294-இற் குப்ளாய் காலமானார். கைடுவோ 1301 வரை போரை விடவில்லை. 1304-இல் எல்லாக் கான்களும் சமாதானம் செய்து, குப்ளாயின் பேரர் தெமூரைப் பெயரளவில் தலைவராய் ஏற்றனர். அவ்வொற்றுமையும் நிலைக்கவில்லை.

குப்ளாய் கல்வியை ஆதரித்தார், பஞ்ச காலத்திற்கெனக் களஞ்சியங்கள் நிரப்பினார், சீனத்தை ஒன்றாக்கினார். ஆயினும் அனைவரும் கூடி அளிக்கவேண்டிய தலைமையைச் சிலரைக் கூட்டிப் பெற்ற அக்குறை அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. போரில் தம்பியை வென்றார். உறவினர் உள்ளத்தை வெல்லவில்லை. சங்கமாயினும் சாம்ராஜ்யமாயினும், உடன்பட்டோர் தந்த தலைமையே உரம் உடையது என்பதை இவர் சரித்திரம் நமக்கு உணர்த்துகின்றது.